திருஷ்டிப் பொட்டுக்குப் பக்கத்துல

பாப்பா கன்னத்துல வச்சிருந்த திருஷ்டிப் பொட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பொட்டு இருந்துச்சு, அது நகர்ந்துச்சு. மோனிஷா முதல்ல கண்ணுதான் ஏமாத்துதுன்னு நெனச்சா, ராத்திரி பூரா ஃபோன்ல ஃபின்ச் குருவி வீடியோவாப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துக் கெடக்கு, அதுவும் இந்த ரூம்ல பட்டப்பகல்லயே ஜன்னலச் சாத்தி ரெண்டு திரைய இழுத்துவிட்டு குகை மாதிரி வச்சிருக்காங்க, பச்ச உடம்புக்காரிக்கு வெளிச்சம் ஆகாதாம். ஆனா நகர்ந்துச்சு. ஊசிமுனை அளவு இருக்கும். கன்னத்து மேட்டுல ஏறுச்சு, மூக்கோரமா இறங்குச்சு, வழி மறந்தவன் முச்சந்தியில நிக்கிற மாதிரி சித்த நேரம் நின்னுச்சு. அவ கட்டைவிரல பூ மேல வைக்கிற மாதிரி வச்சு ஒத்தி எடுத்தா, ஆள்காட்டி விரலோட சேத்து ஒரு அழுத்து அழுத்தினா. செவப்பா ஒரு தீத்தல். ரத்தம். இத்துனூண்டு ஒண்ணுக்குள்ள இம்புட்டு ரத்தமா? சீ. யாரோட ரத்தம் இது? குருவி ரத்தமா இருந்தா அது ஒரு அசிங்கம், பாப்பா ரத்தமா இருந்தா அது வேற மாதிரி அசிங்கம், ரெண்டும் உள்ளுக்குள்ள கலந்த ரத்தமா இருந்தா அதுக்குப் பேரே கெடையாது. விரல எதுல தொடைக்கிறதுன்னு தெரியல. சுடிதார்ல தொடைச்சா சுடிதார்ல இருக்கும், பெட்ஷீட்ல தொடைச்சா அதுல பாப்பா படுக்கும். கட்டைவிரல மட்டும் தனியாத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா, யாருக்கோ ‘சூப்பர்’ காட்டுற மாதிரி. மடியில பாப்பா வாயத் தொறந்து தூங்குது. பாத்ரூம்ல ஹேமா அக்கா மொண்டு மொண்டு ஊத்துற சத்தம். சமையக்கட்டுல அம்மா பூண்டு வதக்குறாங்க, அந்த வாசனை இந்த நேரத்துல வேணவே வேணாம். இன்னிக்குத்தான் மொத மொதல்ல பாப்பாவ அவகிட்ட தனியாக் குடுத்திருக்காங்க. “சோப்பு போட்டுக் கை கழுவுனியா? மொழங்கை வரைக்கும்?”னு கேட்டுட்டு, மோந்து பாத்துட்டு, அப்புறம்தான் குடுத்தாங்க.

அது என்னன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியாம இருந்தாத் தேவலாமே. ரெட் மைட், குருவிச் செள்ளு. அவ இருக்குற ஃபின்ச் வளக்குறவங்க குரூப்ல அந்தப் பேரச் சொன்னாலே ஆளாளுக்கு ஒரு பேய்க்கதை எடுத்து விடுவாங்க. பகல்ல கூண்டு இடுக்குல, கட்டைக் கீறல்ல, கூட்டு நாருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இருட்டுனா வெளிய வரும், தூங்குற குருவி கால் வழியா ஏறி, எறகுக்குள்ள பூந்து, குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள திரும்பிப் போயிரும். குடிக்காத வரைக்கும் சாம்பக் கலரு, குடிச்சா செவப்பு. ஒருத்தர் வீட்டுல ஒரே வாரத்துல அத்தனை குஞ்சும் வெளுத்துப் போய் செத்துக் கெடந்துச்சாம், தொட்டா காகிதம் மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருந்தார். அதக் கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, அது அவளுக்கு ரொம்பப் புடிச்ச வழி, ஏதோ துப்பறியிற மாதிரி இருக்கும்ல? சாயங்காலம் கூண்டு மேல வெள்ளைத் துணியப் போத்திரணும். காலைல எடுத்து மடிப்ப விரிச்சுப் பாக்கணும். குடிச்சிட்டுப் போனதுங்க துணி மடிப்புல ஒதுங்கியிருக்கும், தேச்சா செவப்பாத் தீத்தும். வெள்ளைத் துணி. பருத்தித் துணி. மெத்துன்னு இருக்கணும், சொரசொரப்பா இருந்தா குருவி மெரளும். அப்படி ஒரு துணிக்கு அவ எங்க போவா? அம்மா பாப்பாவுக்குன்னு அப்பாவோட பழைய வேட்டிகளக் கிழிச்சு, வெந்நீர்ல அலசி, மூட்டை கட்டி வச்சிருந்தாங்க. பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, கட்டிக் கட்டி நைஞ்சு போன வேட்டித்துணிதான் ஒடம்புக்கு இதமா இருக்கும். அதுல ஒண்ண எடுத்தா. ஒண்ணே ஒண்ணு. பச்சைக் கரை போட்டது. மோனிஷா மெதுவா, ரொம்ப மெதுவா, கழுத்தக் குனிச்சு தன் மடியப் பாத்தா. பாப்பாவுக்கு அடியில பச்சைக் கரை. மூலையில துருப்புடிச்ச கிளிப்போட தடம், ரெண்டு பல்லு பதிஞ்ச மாதிரி. கூண்டுக் கிளிப்பு.

எப்படி வந்துச்சு இது இங்க? வரவே கூடாதே. அவ போட்ட குவாரண்டைன் அப்படியாப்பட்ட குவாரண்டைன். ரெட்ஹில்ஸ் பக்கம் மொட்டைமாடியில வளக்குற டேவிட் அண்ணன்கிட்ட அந்த கோல்டியன் ஃபின்ச் ஜோடிய வாங்கிட்டு வந்தப்போ, ஆணுக்குச் செவப்புத் தலை, பொண்ணுக்குக் கறுப்புத் தலை, நெஞ்சு கத்திரிப்பூ கலரு, வயிறு மஞ்சள், முதுகு பச்சை, சாமி சத்தியமா யாரோ சின்னப்புள்ள கலர் பென்சில் டப்பா மொத்தத்தையும் காலி பண்ண மாதிரி, பஸ்ல வரும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா நேராக் கொண்டு போய் முன்பால்கனியில மத்த குருவிங்களோட விட்டாளா? விடல. சமையக்கட்டுக்குப் பின்னாடி பைப் ஒடைஞ்சு யாரும் போகாத சின்ன பாத்ரூம் ஒண்ணு இருக்கு, அதக் கழுவி, காய வச்சு, அதுல தனியா வச்சா. அதுக்குன்னு ஒரு நைட்டி, அதுக்குன்னு ஒரு செருப்பு, அதுக்குன்னு ஒரு தண்ணிக் கிண்ணம். மொதல்ல பழைய குருவிங்களுக்குத் தீனி, கடைசியாத்தான் புதுசுங்களுக்கு, மாத்திச் செய்யவே கூடாது, அப்புறம் கை கழுவு, துணி மாத்து. அம்மா பாத்துட்டு, “ஏன்டி, பெத்து வந்தவ அங்க கெடக்கா, நீ இங்க யாருக்குடி பத்தியம் பாக்குற?”ன்னாங்க. அக்கா ரூமுக்குள்ளேர்ந்து, “மா, குருவிக்கு வளைகாப்பு எப்பன்னு கேளு, நான் மொய் எழுதணும்”னா. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா, ஆனா மனசுக்குள்ள ஒரு எளக்காரம் இருந்துச்சு. அம்மாவோட கட்டுப்பாடெல்லாம் என்ன கட்டுப்பாடு? வாசல்ல வேப்பிலைக் கொத்து, சாவு வீட்டுக்குப் போனவங்க வரக்கூடாது, வெயில்ல வந்தவங்க ஒடனே தொடக்கூடாது, யாரு வந்தாலும் காலக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும், கன்னத்துல ஒரு மைப்பொட்டு, உள்ளங்கால்ல ஒண்ணு. அதெல்லாம் சும்மா பயம், தன்னோடது அறிவியல்னு நெனச்சா. இப்போ அந்த அறிவியல் பாப்பா மூக்கோரமா நடந்து போகுது.

மூங்கில் கூடு. அதுதான். டேவிட் அண்ணன் காச வாங்கிட்டு, “தங்கச்சி, இதையும் வச்சுக்கோ, பொண்ணு இந்தக் கூட்டுலதான் பழக்கம், புதுசுன்னா அடையாது”ன்னு இனாமாக் குடுத்தார். வெளியேர்ந்து வர்ற கூடு, கட்டை எதையும் உள்ள விடாதேன்னு ஆயிரம் தடவ படிச்சிருக்கா, ஆயிரம் பேருக்கு அவளே எழுதியிருக்கா, “ப்ரோ, மொதல்ல அந்தக் கூட்ட எரிங்க ப்ரோ”ன்னு. ஆனா அந்தப் பொட்டக்குருவி கூண்டு மூலையில உப்பிப் போய் உக்காந்திருந்துச்சு, தினையத் தொடல, அந்தக் கூட்ட உள்ள மாட்டின உடனே போய் பூந்துக்கிச்சு, தலைய மட்டும் வெளிய நீட்டிப் பாத்துச்சு, அந்த மூஞ்சியப் பாத்துட்டு எவனால கூட்ட எரிக்க முடியும்? சரி, துணி போட்டுப் பாத்துருவோம், இருந்தா அப்புறம் எரிப்போம். அப்படித்தான் அந்தத் துணி போச்சு. அப்படியே காலைல விரிச்சுப் பாத்திருந்தா? பாக்க வேண்டியதுதானே? அதுக்குத்தானே போட்டா? ஆனா நேத்து காலைல துணியத் தூக்குனப்போ தினைக் கிண்ணத்துல வெள்ளையா ஒண்ணு கெடந்துச்சு. முட்டை. கூட்டுல விடாம, தினை நடுவுல, நெலக்கடலை அளவுல ஒரு முட்டை, வெளிச்சத்துல வச்சா ரோஸ் கலர்ல தெரியும்போல. குவாரண்டைன்ல இருக்கும்போதே! கையில துணியோட அவ அந்த ஒடைஞ்ச பாத்ரூம்ல குதிச்சா. முன்பால்கனியில பெங்காலீஸ் ஜோடி இருக்கு, எந்த முட்டைய வச்சாலும் தன்னோடதுன்னு நெனச்சு அடை காக்குற அப்பாவிங்க, அதுங்களுக்கு அடியில வச்சா? அய்யோ வேணாம், குவாரண்டைன். ஆனா ஒரே ஒரு முட்டைதானே? வேணாம். ஃபோட்டோ எடுத்தா, குரூப்ல போட்டா, இதயமா வந்து விழுந்துச்சு, பதில் எழுதிக்கிட்டே வெளிய வந்தா, கையில இருந்த துணியக் கொடியோட கடைசியில போட்டா. அப்புறம் பாத்துக்கலாம்னு. அந்த ‘அப்புறம்’ எங்க போச்சு? அம்மா கொடியில காஞ்சதையெல்லாம் உருவிட்டு வரும்போது, “இங்க ஒண்ணு கொறையுதேன்னு பாத்தேன், இதோ இருக்கு பச்சைக் கரை”ன்னு சொன்னது அவ காதுல விழுந்துச்சு. விழுந்துச்சு! ஃபோன்லேர்ந்து தலையத் தூக்கல.

கழுத்துல ஏதோ ஊறுச்சு. இல்ல, வேர்வை. காதுக்குப் பின்னாடி. இல்ல, முடி. முட்டிக்கு உள்பக்கம், அது என்ன, அது நெஜம்தானோ? சொறியக் கை போச்சு, அந்தக் கைதான் கட்டைவிரல் கை, அப்படியே நிறுத்திக்கிட்டா. ஒடம்பு மொத்தமும் காதா மாறி ஒவ்வொரு மயிர்க்கால்ல என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. உவ்வே. எறகு, நாரு, காஞ்ச எச்சம், ஊறப்போட்ட முட்டைத் தீனியோட புளிச்ச வாடை, இதையெல்லாம் அவ இத்தனை நாளா ஆசையா மோந்திருக்கா, குருவி தலைய மூக்குல வச்சு இழுத்திருக்கா, வெயில்ல காஞ்ச பிஸ்கட் மாதிரி வாசனை வரும்னு அக்காகிட்ட சொல்லியிருக்கா, அக்கா “அய்ய, தூரப் போடி”ன்னா. இப்போ அதையெல்லாம் நெனச்சா தொண்டையில மயிர் சிக்கின மாதிரி இருக்கு. எத்தனை மூக்குக்குள்ள போயிருக்குமோ. எத்தனை நாக்குல. பாப்பா கழுத்து மடிப்புல காலைல செவப்பு செவப்பா நாலஞ்சு இருந்துச்சே, அம்மா “வேர்க்குரு, வேற என்ன”ன்னு பவுடரப் போட்டு அப்பினாங்களே, அது வேர்க்குருவா? மோனிஷா பாப்பா தாடைய ஒத்த விரலால தூக்கிப் பாத்தா. மடிப்புக்குள்ள பால் வழிஞ்சு காஞ்ச பிசுக்கு, பவுடர் உருண்டை, நடுவுல செவப்பு செவப்பா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு புள்ளி. வேர்க்குருவுக்கு நடுவுல புள்ளி இருக்குமா? இருக்கும். இருக்கலாம். இருக்கணும். பாப்பா தூக்கத்துலயே உதட்டக் குவிச்சு ரெண்டு இழுப்பு இழுத்துச்சு, அதுவும் குடிக்கிறதுதான், அந்த நெனப்பு ஏன் வந்துச்சு இப்போ, சீ, சீ, எல்லாமே ஒருத்தர ஒருத்தர் குடிக்கிறதாவே தெரியுது.

“மோனி! பாப்பா என்ன பண்றா?” பாத்ரூமுக்குள்ளேர்ந்து அக்கா. “தூங்குறாக்கா.” “அழுதாளா?” “இல்லக்கா.” “என்னடி கொரலு ஒரு மாதிரி இருக்கு? ஆயி போயிட்டாளா?” “ஒண்ணும் இல்லக்கா, நீ குளி.” ஒண்ணும் இல்லக்கா. அப்படி ஒரு பொய் எவ்வளவு வழுவழுன்னு வருது பாரு. சொல்லிரலாமா? சொன்னா என்ன ஆகும்னு அவளுக்கு நல்லாவே தெரியும். அக்காவ ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கே அம்மா முன்பால்கனியப் பாத்துக் கையக் காட்டிச் சொன்னாங்க, “இதோ பாரு, கொழந்தைக்கு இதுங்களால ஒரு தும்மல் வந்தாலும் சரி, மொத்தத்தையும் கூண்டோட தூக்கி வெளிய வச்சிருவேன், அப்புறம் ஆ ஊன்னு அழுதா நடக்காது.” அம்மா சொன்னாச் செய்வாங்க. ஜீப்ரா ஜோடிங்க, அந்த அப்பாவி பெங்காலீஸ், அதுங்களோட குஞ்சு ரெண்டு இப்போதான் எறகு மொளச்சு கம்பில வந்து உக்காருது, அப்புறம் கோல்டியன், அப்புறம் முட்டை. எல்லாம் எவனோ ஒருத்தன் பைக்ல பின்னாடி கட்டிட்டுப் போவான். சொல்லாம விட்டா? துணிய நைஸா உருவிட்டு வேற துணி வச்சிரலாம். இத சுருட்டி பக்கெட்ல போட்டு கொதிக்கிற தண்ணிய ஊத்திரலாம். கூட்ட எரிச்சிரலாம். குருவிங்களுக்கு மருந்து சொட்டு விடலாம். கழுத்துல இருக்குறதுக்கு வேர்க்குருன்னு பேரு ஏற்கெனவே வச்சாச்சு, அந்தப் பேரே இருந்துட்டுப் போகட்டுமே? யாருக்குத் தெரியும்? இந்தக் கணக்கு மனசுக்குள்ள எவ்வளவு சுத்தமா, எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாத்தப்போதான் அவளுக்கு உண்மையிலேயே குமட்டுச்சு. ஒரு பச்சக் கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு முட்டையப் பத்தி யோசிக்கிற மூளை. இடுக்குல ஒளிஞ்சு, இருட்டுக்குக் காத்திருந்து, குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள திரும்பிப் போயிர்ற மூளை. ஆனாலும் கை நிக்கல. ஒத்தக் கையால பாப்பாவத் தூக்கித் தோள்ல சாச்சுக்கிட்டு, இன்னொரு கையில கட்டைவிரல் படாம நாலு விரலால துணியோட நுனியப் புடிச்சு இழுத்தா. மடிப்புக்குள்ள, கரை தைச்ச ஓரத்துல, மொளகுத்தூள் கொட்டுன மாதிரி ஒரு சின்னக் குவியல். அது முழிச்சுக்கிச்சு. கலைஞ்சு ஓடுச்சு. அவ தொண்டைக்குள்ளேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, வாந்திக்கும் அழுகைக்கும் நடுவுல ஒண்ணு, துணியக் கீழ போட்டு, காலாலேயே கட்டிலுக்கு அடியில தள்ளினா. நுனி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, பச்சைக் கரை.

அக்கா தலையில துண்டக் கட்டிக்கிட்டு, மஞ்சப் பூசின மொகத்தோட, ஆவி பறக்க வந்தா. “குடுடி என் தங்கத்த.” மோனிஷா குடுக்கல. குடுக்கக் கூடாதுன்னு இல்ல, தன் சுடிதார்லேர்ந்து அக்காவுக்கு ஏதாவது போயிருமோன்னு கை ஒறைஞ்சு போச்சு. “என்னடி முழிக்கிற? பேயடிச்சவ மாதிரி. அய்யோ, ஒண்ணுக்குப் போயிட்டாளா? அதுக்கா இப்படி? குருவி பீயெல்லாம் கரண்டியால சொரண்டுற, இதுக்கு மூஞ்சியச் சுளிக்கிற!” அக்கா சிரிச்சுக்கிட்டே பாப்பாவ வாங்கிக்கிட்டா. அந்த நேரத்துக்குத்தான் அம்மா சோத்துத் தட்டோட உள்ள வரணுமா? தட்ட ஸ்டூல்ல வச்சாங்க. கீழ பாத்தாங்க. “பாரு, துணி கீழ கெடக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் புள்ளையப் பாத்துக்கச் சொன்னா…” குனிஞ்சு எடுத்தாங்க. ஈரம் இருக்கான்னு கையால தடவிப் பாத்தாங்க. அப்புறம் அம்மா செஞ்சத அவங்க தெனம் பத்து தடவ செய்வாங்க, மோனிஷாவும் பாத்திருக்கா, பாத்துச் சிரிச்சிருக்கா. துணிய ரெண்டு கையாலயும் சுருட்டி, மூஞ்சிக்குக் கொண்டு போய், கண்ண மூடிக்கிட்டு, பேத்தியோட பால் வாசனைய மோக்கப் போனாங்க.

“மூக்குல வைக்காதம்மா!” அது அவ கத்துன கத்தலா? பாப்பா திடுக்குன்னு முழிச்சு வீல்னு அழுதுச்சு. “செள்ளு இருக்கும்மா, அதுல செள்ளு இருக்கு, கீழ போடு, அது குருவிக் கூண்டு மேல போட்ட துணிம்மா, நான்தான் எடுத்தேன், நீ காயப்போட்டதுன்னு நெனச்சு எடுத்திருக்க, பாப்பா கழுத்துல இருக்குறது வேர்க்குரு இல்ல.” எல்லாத்தையும் ஒரே மூச்சுல. சொல்லச் சொல்ல கட்டைவிரல நீட்டிக் காட்டினா, சாட்சி மாதிரி, காஞ்சு போய் பழுப்பா இருந்துச்சு. அம்மா துணிய ஒரு தடவ விரிச்சுப் பாத்தாங்க. ஜன்னல் திரைய ஒரே இழுப்பா இழுத்தாங்க, வெளிச்சம் வந்து ரூம்ல அறைஞ்சுச்சு, திரும்பவும் பாத்தாங்க. அம்மா திட்டுனா பழகிருச்சு, திட்டாத அம்மாவ என்ன பண்றதுன்னு அவளுக்குத் தெரியல. அக்காதான் பாப்பா கழுத்தப் பாத்துட்டு, “அம்மா… அம்மா, என்னம்மா இது”ன்னு கேட்டா, மோனிஷாவத் திரும்பியே பாக்கல. அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. வெந்நீர், பாப்பா துணியெல்லாம் பக்கெட்டுக்குள்ள, மெத்தை வெயிலுக்கு, அக்கா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணா, நர்ஸம்மா பொறுமையாக் கேட்டுட்டு, மனுஷ ஒடம்புல அது தங்காது, நல்லாக் குளிப்பாட்டித் துணிய மாத்துங்க, சாயங்காலம் தூக்கிட்டு வாங்க, டாக்டர் பாத்துருவாங்கன்னு சொன்னாங்க. பாப்பாவ வெந்நீர்ல நனைக்கும்போதுதான் அம்மாவுக்குப் பேச்சு வந்துச்சு, அவகிட்ட இல்ல, தண்ணிகிட்ட. “ஹேமா மாமியார வாசல்ல நிக்க வச்சுக் காலக் கழுவ வச்சேன். அந்தம்மா மூஞ்சி போன போக்கு எனக்குத் தெரியும். ஊரையே வாசல்ல நிறுத்தினேன். கடைசியில என் வீட்டு வேட்டியில, என் கையாலயே மடிச்சு, என் பேத்திக்குப் போட்டிருக்கேன்.” அப்புறம் திரும்பாமயே, “நீ எதையும் தொடாத. எங்கயும் உக்காராத. போய் உன் குருவிங்களோடயே இரு. அப்பா வரட்டும், வந்து கூண்டத் தூக்குவார்.” அக்கா முதுகக் காட்டிக்கிட்டே சொறிஞ்சா. அம்மா மொழங்கையச் சொறிஞ்சாங்க. யாரு மேலயும் இப்போ எதுவும் இல்லாம இருக்கலாம். ஆனா எல்லாரும் சொறிஞ்சாங்க.

ஒடைஞ்ச பாத்ரூம் கதவ அவளே உள்பக்கமாச் சாத்திக்கிட்டா. யாரும் தாழ் போடல, போடத் தேவையும் இல்ல. அந்த நைட்டி ஆணியில தொங்குது, அந்தச் செருப்பு ஓரமா நிக்குது, எவ்வளவு ஒழுங்கு பாரு, எவ்வளவு பெரிய புத்திசாலியோட ரூம் இது. கூண்டுக்குள்ள ஆண் குருவி அவளப் பாத்த உடனே கம்பில நின்னு குதிச்சுக்கிட்டே பாட ஆரம்பிச்சுச்சு, கோல்டியன் பாட்டு சத்தமே வராது, தொண்டை மட்டும் துடிக்கும், காத வச்சுக் கேட்டாத்தான் சிறுசா ஒரு சீறல் கேக்கும். இந்தப் பாட்டக் கேக்கத்தான் அவ ரெட்ஹில்ஸ் வரைக்கும் போனா. இப்போ அந்தத் தொண்டைத் துடிப்பப் பாக்கப் பாக்க உள்ள எது துடிக்குதோன்னு இருந்துச்சு. எறகோட கலரெல்லாம் மேல போட்ட போர்வை, அடியில தோலு, தோலுல கடி, எச்சம் ஒட்டுன வாலு, அலகு ஓரத்துல தினைத் தோலு, அந்தக் கறுப்பு மணிக்கண்ணு, அதுல ஒண்ணுமே இல்ல, அன்பும் இல்ல, அவளத் தெரியவும் இல்ல. பாவம்தான் அதுங்க, ராத்திரி பூரா ரத்தத்தக் குடுத்துட்டு நிக்குதுங்க, மருந்து வாங்கி விடணும், அப்பா வர்றதுக்குள்ள விடணும், இனிமே யாரு வீட்டுக்குப் போனாலும் மருந்தோட போகட்டும். இதெல்லாம் தெரியுது. ஆனா கிட்டப் போக ஒடம்பு மறுக்குது. கூண்டுக் கதவத் தொறந்தா. மூங்கில் கூட்ட ரெண்டு விரலால கழட்டி பிளாஸ்டிக் பையில போட்டு முடிச்சுப் போட்டா, பொட்டக்குருவி மூலைக்குப் போய் உப்பிக்கிச்சு, உப்பட்டும். தினைக் கிண்ணத்துல முட்டை அப்படியே இருந்துச்சு. வெள்ளை. என்ன ஒரு வெள்ளை. வீட்டுக்குள்ள அந்தப் பக்கம் பாப்பா அழுகை அடங்கி விக்கலா மாறி, விக்கலும் அடங்குது, யாரோ பால் குடுக்குறாங்க. முட்டைய எடுத்து உள்ளங்கையில வச்சா. கனமே இல்ல. அதோட மேட்டுல, திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி. நகர்ந்துச்சு. அவ கட்டைவிரல வச்சா, பாப்பா கன்னத்துல வச்ச அதே விரலு, அதே மாதிரி மெதுவாத்தான் வச்சா, சத்தியமா மெதுவாத்தான் வைக்க நெனச்சா. நறுக்குன்னு ஒண்ணு. உள்ளங்கையில ஈரம், மஞ்சளா, கொழகொழன்னு, அதுக்குள்ள ஒரு செவப்புத் தீத்தல். விரல எடுக்கவும் இல்ல, அழவும் இல்ல, கைய ஒடம்புலேர்ந்து தள்ளித் தூரமா நீட்டிப் புடிச்சுக்கிட்டு, அது வேற யாரோட கையோ மாதிரி பாத்துக்கிட்டு நின்னா. ஏங்க, உங்களுக்கு இப்படி ஆயிருக்கா? கொஞ்சிக் கொஞ்சி வளத்த ஒண்ணு திடீர்னு குமட்டி, விரலு நீங்க சொன்னதக் கேட்டுச்சா இல்ல தானாவே அமுக்குச்சான்னு இன்னி வரைக்கும் தெரியாம, அந்தக் கைய எங்க கழுவுறதுன்னு நின்னிருக்கீங்களா?